பெயர் மட்டும் மிஞ்சிய அங்காடிகள்

சென்னை சென்ட்ரலில் வெளியூர் ரயிலிலிருந்து இறங்கி, அரக்கோணம் பக்கமோ கும்மிடிப்பூண்டி பக்கமோ போகும் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவர், பக்கத்தில் தனியே நிற்கும் இன்னொரு கட்டடத்துக்கு நடந்து போக வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு ரயில்வேத் துறை வைத்திருக்கும் பெயர் ‘மூர் மார்க்கெட் வளாகம்’. நாள்தோறும் பல்லாயிரம் பேர் அந்தப் பெயரைக் கடந்து செல்கின்றனர். அங்கே மார்க்கெட் எதுவும் இல்லை. நாற்பது ஆண்டுகளாகவே இல்லை. இல்லாமற்போன ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு கட்டடம் நிற்பதில் நம்மில் யாருக்கும் எந்த வியப்பும் எஞ்சியிருக்கவில்லை என்பதுதான் இதில் வியப்புக்குரியது.

இதை இப்போது நினைத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நெய்வேலியில் பிறந்து வளர்ந்து, பிழைப்பின் நிமித்தம் பல ஊர்களுக்குச் சிதறிப்போன எங்களில் சிலர், புத்தகக் கண்காட்சியைச் சாக்காக வைத்து ஊரில் கூடுவது வழக்கம். அப்படிக் கூடிய ஒரு மாலையில், மெயின் பஜாரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உடன் வந்திருந்த நண்பரின் மகள் கேட்டாள்: “ஏன் அங்கிள், இதையெல்லாம் இடிச்சுட்டு இங்கே ஒரு நல்ல மால் கட்டினா என்ன?” கல்லூரியில் படிக்கும் பெண். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். எங்களில் ஒருவர் உடனே கோபப்பட்டார். இன்னொருவர் “நியாயம்தானே” என்றார். அன்றிரவு நெடுநேரம் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் நாங்கள் வந்து சேர்ந்த இடத்தையே இங்கே எழுத முனைகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இலக்கிய வாசகர்களுக்குப் பழைய கடைத்தெருக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே குரல் தழுதழுத்துவிடும். மதுரைக்காஞ்சியின் நாளங்காடியும் அல்லங்காடியும் நினைவுக்கு வந்துவிடும். சிலப்பதிகாரத்துப் புகாரில், கடலோர வணிகர்கள் வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்துக்கும் அரசனும் அந்தணரும் பிறரும் வாழ்ந்த பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி நடந்தது என்பதைச் சொல்லி, அங்காடி என்பது ஒரு நகரத்தின் இரு பாதிகள் சந்திக்கும் இடம் என்று கருத்துரைக்கவும் செய்வோம். அது பிழையான கருத்து அன்று. ஆனால் அந்தப் பெண்ணின் கேள்விக்கு அது பதிலாகாது. மழையில் ஒழுகும் கூரை, பெண்களுக்கு ஒதுங்க இடமின்மை, முதியவர் உட்கார ஒரு பெஞ்சு இல்லாமை, தீப்பிடித்தால் வண்டி நுழைய முடியாத சந்து இவற்றோடு ஒரு கடைத்தெரு இருக்குமானால் அதை மாற்றத்தான் வேண்டும். மாறலாமா என்பது கேள்வியே இல்லை. மாற்றத்துக்குப் பிறகு எது மிஞ்சும், யாருக்கு மிஞ்சும் என்பதே கேள்வி.

*

மூர் மார்க்கெட்டிலிருந்தே தொடங்கலாம். பிராட்வே பகுதியில் நெரிசலும் அசுத்தமுமாக இருந்த பழைய சந்தைக்கு மாற்றாக, சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். ஆர். ஈ. எல்லிஸ் வடிவமைத்த இந்தோ-சாரசனிக் பாணிக் கட்டடம் 1900-இல் திறக்கப்பட்டது. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. நாம் இன்று ‘பாரம்பரியம்’ என்று உருகும் மூர் மார்க்கெட்டே ஒரு மறுசீரமைப்புத் திட்டம்தான். பழைய சந்தையை அப்புறப்படுத்திவிட்டு, சுகாதாரத்தின் பெயரால் நகராட்சி கட்டிக்கொடுத்த நவீன வளாகம் அது. அதைக் கண்டு பழைய பிராட்வே சந்தையை எண்ணிப் பெருமூச்சு விட்டவர்களும் அன்று இருந்திருப்பார்கள்.

ஆனால் அந்த நவீன வளாகம் சில பத்தாண்டுகளில் தன்னைக் கட்டியவர்கள் எண்ணிப்பாராத ஒன்றாக வளர்ந்தது. பழைய புத்தகங்கள், இசைத்தட்டுகள், வளர்ப்புப் பறவைகள், பழம்பொருட்கள், யாரோ கழற்றி விற்ற கடிகாரத்தின் உள்ளுறுப்புகள். தமிழில் வாசிப்பும் எழுத்தும் உள்ளவர்களில் ஒரு தலைமுறைக்கே அது இரண்டாவது பல்கலைக்கழகமாக இருந்தது என்று சொன்னால் மிகையன்று. எங்கள் அப்பாக்களில் சிலர் அலுவலாகச் சென்னைக்குப் போய்த் திரும்பும்போது அங்கிருந்துதான் அட்டை கிழிந்த புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். வேறு யாருடைய பெயரோ முதற்பக்கத்தில் எழுதப்பட்ட அந்தப் புத்தகங்களில்தான் நாங்கள் உலகத்தைப் படித்தோம்.

அந்த இடத்தை ரயில்வே விரிவாக்கத்துக்குக் கொடுக்கும் முயற்சியும் அதற்கு வியாபாரிகளின் எதிர்ப்பும் நிலவிய காலத்தில், 1985 மே 30 அன்று நேர்ந்த தீவிபத்தில் மூர் மார்க்கெட் அழிந்தது. பிறகு அங்கே ரயில்வே கட்டடம் எழுந்தது. வியாபாரிகளுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் தரப்பட்டது. அதாவது, கணக்குப்படி யாரும் கைவிடப்படவில்லை. கடைக்குக் கடை கொடுத்தாயிற்று. ஆயினும் மூர் மார்க்கெட் மீளவில்லை. காரணம் எளிது. பழைய புத்தகக் கடைக்கு வருகிறவர் புத்தகம் வாங்கவென்று கிளம்பி வருகிறவர் அல்லர். ரயிலுக்கு நேரமிருக்கிறது, நடந்து பார்ப்போம் என்று வருகிறவர். பறவை வாங்க வந்தவர் புத்தகத்தைப் பார்ப்பார். புத்தகம் தேடி வந்தவர் இசைத்தட்டை எடுத்துப் புரட்டுவார். ஒரு கடைக்கு இன்னொரு கடைதான் வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. அந்தக் கூட்டுறவை எந்த ஒதுக்கீட்டு ஆணையிலும் எழுத முடியாது. இடமாற்றத்தில் கடைகள் போய்ச் சேர்ந்தன. அங்காடி போய்ச் சேரவில்லை. அல்லிக்குளம் வளாகத்தில் பின்னர் நீதிமன்றங்கள் இயங்கலாயின. வழக்குக்கு வருகிறவர் அவசரத்தில் வருகிறார். பழைய புத்தகத்தைப் புரட்டும் மனநிலை அவருக்கு ஏது?

*

இரண்டாவது உதாரணம் அண்ணா சாலையில் இருக்கிறது. ஸ்பென்சர் பிளாசாவின் கதை 1860-களில் சார்லஸ் டூரண்ட்டும் ஜே. டபிள்யூ. ஸ்பென்சரும் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய ஒரு கடையிலிருந்து ஆரம்பமாகிறது. பின்னர் யூஜின் ஓக்‌ஷாட்டின் கைக்கு வந்த அந்நிறுவனம், டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த செந்நிறக் கட்டடத்தில் 1895-இல் குடியேறியது. இந்தியாவின் முதல் பெரும் பல்பொருள் அங்காடிகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுவார்கள். திண்டுக்கல்லில் சுருட்டு செய்து உலகெங்கும் அனுப்பியதும், ஓட்டல்களையும் ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளையும் நடத்தியதும் இதே ஸ்பென்சர்தான். அந்தக் கட்டடத்துக்குள் சாதாரணத் தமிழர் நுழைவதற்குத் தயங்கிய காலம் நெடியது என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். அழகான பழைய கட்டடங்கள் எல்லாம் எல்லோரையும் வரவேற்ற கட்டடங்கள் அல்ல.

1980-களின் தொடக்கத்தில் அந்தக் கட்டடமும் தீக்கிரையானது. அதே இடத்தில் எழுந்த புதிய ஸ்பென்சர் பிளாசா 1990-களில் கட்டம் கட்டமாகப் பெருகியது. குளிரூட்டப்பட்ட வளாகத்துக்குள் நடப்பதே அப்போது ஓர் அனுபவமாக இருந்தது. எதுவும் வாங்காமல் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே சுற்றிவந்த பட்டியலில் நாங்களும் உண்டு. லேண்ட்மார்க் புத்தகக்கடையில் நின்றபடி பாதி நாவலைப் படித்துவிட்டு, மீதியை அடுத்த வாரத்துக்கு வைத்துப் போனவர்களும் உண்டு. முன்பு தயங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இம்முறை தயங்காமல் நுழைந்தார்கள். இந்தப் புதுக்கட்டடம் பழையதைவிடச் சனநாயகமானது என்பதை, பழைய செங்கற்சுவரை நினைத்து ஏங்குகிறவர்களும் மறுக்க இயலாது.

பிறகு 2006-இல் ராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர், 2010-இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் என்று வரிசையாக வந்தன. அண்ணா சாலையின் அந்தப் பகுதியில் 2019-இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கும் வரை சாலை பல ஆண்டுகள் தோண்டப்பட்டுக் கிடந்தது. லேண்ட்மார்க் மூடப்பட்டது. பூட்டிய ஷட்டர்கள் பெருகின. ‘புதிய மால்கள் வந்தன, பழைய மால் வீழ்ந்தது’ என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அதனினும் முக்கியமான காரணம் கட்டடத்தின் பத்திரங்களில் இருக்கிறது.

ஸ்பென்சர் பிளாசாவின் கடைகள் தனித்தனியாகப் பலருக்கு விற்கப்பட்டவை. கட்டியவருக்கு அது வசதி; போட்ட பணம் விரைவில் திரும்பிவிடும். வாங்கியவருக்கும் மகிழ்ச்சி, அண்ணா சாலையில் சொந்தக் கடை. ஆனால் அதன்பின் அந்த வளாகம் முழுமைக்கும் பொறுப்பானவர் யார்? எந்தத் தளத்தில் எந்த வகைக் கடை இருக்க வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? நகரும் படிக்கட்டு நின்றால் செலவை யார் யார் எவ்வளவு பகிர்வது? நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் ஒப்பினால்தான் முகப்பை மாற்ற முடியும் என்றால் முகப்பு மாறாது. எக்ஸ்பிரஸ் அவென்யூ போன்ற பிந்தைய மால்கள் கடைகளை விற்பதில்லை. வாடகைக்கு மட்டுமே விடுகின்றன. உரிமை ஒரு கையில் இருப்பதால் எந்தக் கடை எங்கே என்று அவர்களால் அடுக்க முடிகிறது. வியாபாரம் சரியில்லாத கடையை வெளியேற்றவும் முடிகிறது. ஸ்பென்சரைத் தளர்த்தியது அதன் வயதல்ல. தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முடிவை எடுக்கத்தக்க ஓர் உடம்பு அதற்கு இல்லாமற்போனதுதான்.

குடியிருப்புகளில் இதே சிக்கல் முற்றியதால்தான், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம் என்று தமிழ்நாட்டில் 2022-இல் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது. ஒருவர் மறுத்தாலும் நின்றுபோகும் நிலைக்கும், ஒருவரே முடிவெடுத்துவிடும் நிலைக்கும் இடையே ஒரு விகிதத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சி அது. அந்த விகிதம் சரியா தவறா என்பது வேறு. இடைவழி ஒன்று வேண்டும் என்பதை அரசு உணர்ந்ததே இங்கு நமக்கு முக்கியம்.

*

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் நகரின் நடுவே இருந்த லெ ஆல் சந்தை எமிலி ஸோலாவின் நாவல் ஒன்றுக்கே களமாக இருந்தது. 1969-இல் அந்த மொத்தச் சந்தை நகருக்கு வெளியே ருங்கிஸ் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டது. 1971-இல், பலத்த எதிர்ப்புக்கிடையே, பால்தார் வடிவமைத்த இரும்பு மண்டபங்களை இடிக்கத் தொடங்கினார்கள். அங்கே தோண்டிய பெரும் பள்ளம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது. 1979-இல் அந்தப் பள்ளத்துக்குள் பூமிக்கடியில் ஒரு வணிக வளாகம் திறக்கப்பட்டது. அதுவும் யாருக்கும் பிடிக்காமல் போகவே மறுபடி மாற்றி, 2016-இல் பெருங்கூரை ஒன்றை வேய்ந்தார்கள். அரை நூற்றாண்டுக்குள் ஒரே இடத்தில் இரண்டு மறுசீரமைப்புகள். மொத்தச் சந்தை வெளியே போனது தவறு என்று சொல்ல முடியாது. நம் கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனதற்கும் அதே நெரிசல்தான் காரணம். ஆனால் காலியான இடத்தில் எது வரவேண்டும் என்பதை, அங்கே நடமாடிய மனிதர்களைக் கேட்காமல் முடிவுசெய்ததற்கு அந்நகரம் நீண்ட காலம் விலை கொடுத்தது.

மால் என்ற வடிவத்தின் வரலாறும் இவ்வகையில் ஒரு பாடம். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற வியன்னாக்காரரான விக்டர் க்ரூயன் என்ற கட்டடக் கலைஞர், மினசோட்டாவில் சவுத்டேல் என்னும் வளாகத்தை வடிவமைத்தார். நான்கு புறமும் மூடப்பட்டு, உள்ளே தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட மால்களுக்கு அதுவே முன்மாதிரி. வியன்னாவின் நடைவீதிகளை நினைத்தே அவர் அதை வரைந்தார். கடைகளைச் சுற்றி வீடுகள், பள்ளிகள், பூங்கா, ஏரி என ஒரு முழு ஊரே அவரது திட்டத்தில் இருந்தது. நடைமுறையில் கடைகளும், அவற்றைச் சூழ்ந்த கார் நிறுத்துமிடமும் மட்டுமே அவர் எண்ணிய சமூக வாழ்வின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தன் பெயரால் பெருகிய மால்களைப் பிற்காலத்தில் அவரே வெறுத்து ஒதுக்கினார்.

சவுத்டேல் திறக்கப்பட்டது 1956 அக்டோபரில். அடுத்த மாதம், 1956 நவம்பர் 14 அன்று, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் நிறுவப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அங்கே ஊரில்லாமல் ஓர் அங்காடி. இங்கே முந்திரிக் காட்டுக்கு நடுவே, அங்காடியும் பள்ளியும் மருத்துவமனையும் பூங்காவுமாக முழுதும் திட்டமிட்ட ஓர் ஊர். க்ரூயன் காகிதத்தில் வரைந்து கிடைக்காமற்போனது எங்களுக்குப் பிறந்தவுடன் கிடைத்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

*

நெய்வேலியைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளில் தொடங்குகிறது இவ்வூரின் கதை. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவியுடன் அனல்மின் நிலையம் எழுந்தது. சுரங்கத்துக்காகச் சுற்றுவட்டக் கிராமங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பணியாளர்களுக்கென அகன்ற சாலைகளும் மரங்களுமாக நகரியம் உருவானது. எங்கள் முகவரிகளில் தெருப்பெயரோடு வட்டத்தின் எண்ணும் இருக்கும். எந்த வட்டத்துக்காரர் என்று கேட்டால் அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். ‘நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம்’ 2016-இல் ‘என்எல்சி இந்தியா’ என்று பெயர் மாறியது. முதல் அனல்மின் நிலையம் தன் ஆயுளை முடித்துக்கொண்டு 2020-இல் ஓய்வுபெற்றது.

இந்நகரியத்தில் நிலம் நிறுவனத்துடையது. வீடு நிறுவனத்துடையது. சாலை, குடிநீர், குப்பை எல்லாம் நிறுவனத்தின் நகர நிர்வாகப் பொறுப்பு. கடைத்தெருவின் மண்ணும் அவ்வாறே. ஸ்பென்சரில் நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் என்றால் இங்கே ஒரே உரிமையாளர். ஸ்பென்சரின் நோய் எங்களுக்கு வராது. வேறொரு நோய் உண்டு. இவ்வூரில் வாழும் எவரும் இவ்வூரில் நிரந்தரமில்லை. பணி ஓய்வு பெறும் நாளில் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஐம்பத்தெட்டு, அறுபது வயதில், முப்பது ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரத்தை அடுத்து வருபவருக்கு விட்டுவிட்டு, ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகரிலோ வடக்குத்திலோ, அல்லது கடலூரிலோ சென்னையிலோ குடியேறுகிறார்கள்.

மக்கள் மாறிக்கொண்டே இருக்கும் இத்தகைய ஊரில் யார் நிலைத்திருக்கிறார்? கடைக்காரர். எங்கள் பள்ளிச் சீருடைக்கு அளவெடுத்தவர், முதல் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர், சம்பளத் தேதி வரை அம்மாவின் கணக்கை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒருமுறையும் முகம் சுளிக்காதவர். வெளியூரிலிருந்து வரும் எங்களை “இன்னார் பிள்ளைதானே தம்பி?” என்று அடையாளம் கண்டு கேட்க இன்று ஊரில் எஞ்சியிருப்பவர்கள் இவர்களும், இவர்களின் பிள்ளைகளும்தான். எங்கள் வீடுகளில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். எங்கள் ஊரின் ஞாபகம் குடியிருப்பில் இல்லை, கடைத்தெருவில் இருக்கிறது. நண்பரின் மகள் கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவர் கோபப்பட்டது ஏன் என்பது அன்றிரவுதான் எங்களுக்கே புரிந்தது.

ஆனால் இந்த ஞாபகத்தைக் கொண்டு அவளுடைய வசதியை மறுக்க நமக்கு உரிமையில்லை. சொல்லப்போனால் அந்தக் கடைக்காரர்களும் பழைய நிலையையே விரும்புகிறார்கள் என்று நாமாக முடிவுகட்டுவது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. கைபேசியில் அழுத்தினால் வீட்டுக்கு வந்துசேரும் பொருளோடு போட்டியிட வேண்டியவர்கள் அவர்கள். நல்ல வெளிச்சமும் நிழலும் கழிப்பறையும் வண்டி நிறுத்த இடமும் வந்தால் முதலில் மகிழ்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். அவர்களுடைய அச்சம் கட்டடத்தைப் பற்றியதன்று. இடித்த பின் கட்டியதில் தமக்கு இடமிருக்குமா, இருந்தால் அந்த வாடகையைத் தாங்க முடியுமா, இடைப்பட்ட காலத்தில் எங்கே பிழைப்பது என்பதைப் பற்றியது.

*

இன்னொரு சுரங்க ஊரை இங்கே நினைத்துக்கொள்வது பொருந்தும். கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம். அங்கே 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. நிறுவனத்தை நம்பியிருந்த குடியிருப்புகள் களையிழந்தன. மனமகிழ் மன்றங்களும் மருத்துவமனையும் வரலாறாயின. இளையோர் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். ஆனால் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு நடந்துகொண்டிருக்கிறது. மாலையில் திரும்பி வருகிறவர்கள் காய்கறி வாங்குவதும் துணி எடுப்பதும் அங்கேதான். சுரங்கம் போனபின்பும் அது ஓர் ஊராக எஞ்சியிருப்பதில் அந்தக் கடைத்தெருவுக்குக் கணிசமான பங்கு உண்டு என்றே நினைக்கிறோம்.

பூமிக்குள்ளிருக்கும் எதுவும் ஒருநாள் தீரும். தீராவிட்டாலும், நிலக்கரியை எரிப்பதை உலகம் ஒருநாள் நிறுத்தும். அந்த நாள் அருகிலா தொலைவிலா என்று சோதிடம் சொல்ல நாங்கள் முன்வரவில்லை. ஆனால் அந்த நாளில் நெய்வேலி ஓர் ஊராக மிஞ்சுமா, கைவிடப்பட்ட பணியாளர் குடியிருப்பாக மிஞ்சுமா என்பது இப்போது நாம் கடைத்தெருவை என்ன செய்கிறோம் என்பதையும் பொறுத்தது. ஆதலால்தான் இது வெறும் கூரையும் தரையும் பற்றிய பேச்சு அன்று என்கிறோம்.

என்ன செய்யலாம்? நாங்கள் கட்டடக் கலைஞர்கள் அல்லர், நிர்வாகிகளும் அல்லர். ஆயினும் மேலே சொன்ன கதைகளிலிருந்து சில முடிவுகள் தாமாகவே கிடைக்கின்றன. முதலாவது, முழு வளாகத்துக்கும் பொறுப்பான ஓர் அமைப்பு வேண்டும். கடைகளைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு ஒதுங்கினால் ஸ்பென்சரின் கதியே நேரும். இரண்டாவது, அந்த அமைப்பு ஒரே கையாக இருக்கக் கூடாது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. நடைபாதையில் கூடை வைத்து விற்பவருக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட அந்த நாற்காலி, நிறுவன மண்ணில் நாற்பது ஆண்டுகள் கடை நடத்தியவருக்கும், அங்கே பொருள் வாங்கும் மக்களுக்கும் இருக்கட்டும்.

மூன்றாவது, இடிப்பதற்கு முன்பே, திரும்பி வரும் உரிமை எழுத்தில் தரப்பட வேண்டும்; எந்தக் கடை எங்கே, எத்தனை மாதத்தில், என்ன வாடகையில் என்று. ஒரேயடியாக இடிக்காமல் வரிசை வரிசையாகக் கட்டினால் கடைத்தெரு ஒருநாளும் முழுதாக மூடாது. மூடிய கடைத்தெருவுக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவது அரிது என்பதைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று. நான்காவது, கடைகளை இடம் மாற்றும்போது கடைகளைத் தனித்தனியே எண்ணாமல், எந்தக் கடையின் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தையற்காரரைத் துணிக்கடையிலிருந்து இரண்டு தளம் தள்ளி வைத்தால் இருவருக்குமே நட்டம். மூர் மார்க்கெட் சொல்லிச் சென்ற பாடம் இதுவே.

ஐந்தாவதாக எங்களுக்கென்று ஓர் ஆசை. பல ஆண்டுகளாக நெய்வேலியில் நடந்துவரும் புத்தகக் கண்காட்சியைத் தமிழ் வாசகர்களில் அறியாதவர் குறைவு. சென்னைக்கு வெளியே, ஒரு சுரங்க ஊரில், பொதுத்துறை நிறுவனம் ஒன்று எழுத்தாளர்களை அழைத்து மரியாதை செய்து நடத்தும் விழா அது. அந்தப் பத்து நாட்களும் எங்கள் ஊர் வேறோர் ஊராகிவிடும். சுரங்கத்தில் இரவுப் பணி முடித்தவர் அப்படியே வந்து கடைகடையாய் நிற்பார். பிறகு பந்தல் பிரிக்கப்படும். பத்து நாள் நிற்கும் அங்காடியில் இவ்வளவு பேர் கூடுகிறார்கள் என்றால், மீதி முந்நூற்றைம்பத்தைந்து நாட்களுக்கு ஒரு சிறு மூலை போதாதா? புதிதாகக் கட்டப்படும் எந்த வளாகத்திலும், குறைந்த வாடகையில், பழைய புத்தகங்களுக்கென்று ஓரிரு கடைகள். ஓய்வுபெற்று ஊரைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டுப் போகாமல் அங்கே விட்டுச் செல்லட்டும். அடுத்து வரும் பிள்ளைகள், முதற்பக்கத்தில் முன்பின் அறியாத ஒருவரின் பெயரோடும் வட்ட எண்ணோடும் அவற்றைக் கண்டெடுக்கட்டும்.

இவற்றில் எதுவும் செலவு மிகுந்ததன்று. பொறுமை மட்டுமே மிகுதியாகத் தேவைப்படும். வரைபடம் போடும் முன் கடைகடையாக ஏறி இறங்கிப் பேசும் பொறுமை. அது இல்லாவிட்டாலும் கட்டடம் எழும். சொல்லப்போனால் விரைவாகவே எழும். அதன் நெற்றியில் பழைய பெயரையே எழுதி வைப்பார்கள். பெயரை வைத்துக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை அல்லவா?

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: கட்டலாம் அம்மா, நன்றாகவே கட்டலாம். ஆனால் நீ எங்கள் வயதில் இங்கே வரும்போது, “இன்னார் பொண்ணுதானே நீ?” என்று உன்னைக் கேட்க அந்தக் கட்டடத்துக்குள் ஒருவராவது இருக்க வேண்டும். அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்போ அவங்களையும் கேட்டுட்டுக் கட்டச் சொல்லுங்க” என்றாள். நாங்கள் இவ்வளவு பக்கங்களில் சொல்ல முயன்றதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.